சிக்னல் முழுசா இருக்கு, வேகம் வரல: கேரியர் சேர்க்கணுமா, குறுக்கீட்டைக் குறைக்கணுமா?

#1 புதுஅலை

வணக்கம். ஒரு கொத்து டவர்களைப் பத்தின கேள்வி. 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்ட், எஃப்டிடி எல்டிஇ (அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அலைவரிசை வைக்கிற 4ஜி), 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். எல்லாமே மூணு செக்டார் டவர் (மூணு திசைக்கு மூணு செல்), ஆன்டெனா உயரம் 30 மீட்டர், ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் சுமார் 700 மீட்டர். டிரைவ் டெஸ்ட் (வண்டியில போய் அளந்த) லாக்ல டவர்களுக்கு நடுவுல இருக்கிற இடங்கள்ல ஆர்எஸ்ஆர்பி (செல்லோட சிக்னல் பலம்) -82 டிபிஎம். ஆனா சினர் (குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்ததை விட சிக்னல் எத்தனை டெசிபல், அதாவது டிபி, மேலே இருக்குங்கிற அளவு) -3ல இருந்து 0 வரைதான். டவுன்லோட் 3, 4 எம்பிபிஎஸ் தாண்டல. போன்ல கோடு முழுசா நிக்குது.

900 பேண்டில் 10 மெகாஹெர்ட்ஸ் கேரியர் (தனி அலைவரிசைத் துண்டு) ஒண்ணு கூடுதலா போட்டா சரியாகும்னு ஒரு யோசனை இருக்கு. அது சரியான வழியா? வேற எதையாவது முதல்ல பார்க்கணுமா?

#2 அலைநீளம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அறை வெப்பத்தில் இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு -174 டிபிஎம். அலைக்கற்றையின் சிறிய துண்டான ஒரு சப்கேரியர் 15 கிலோஹெர்ட்ஸ் என்பதால் 41.8 டிபி கூட்டினால் -132. போனின் நாய்ஸ் ஃபிகர் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சல்) 9 டிபி என்று வையுங்கள், -123 ஆகும். உங்கள் ஆர்எஸ்ஆர்பி -82. இரைச்சலுக்கு மேலே 41 டிபி உயரத்தில் சிக்னல் நிற்கிறது. குறுக்கீடே இல்லாவிட்டால் சினர் 40க்குப் பக்கத்தில் வர வேண்டும். வருவது -3. அந்த 40 டிபியையும் தின்பது பக்கத்து செல்கள்தான், வேறு யாருமில்லை. ஒரே செல்லுக்குள் சப்கேரியர்கள் ஒன்றோடொன்று மோதாது. ஓஎஃப்டிஎம் என்ற பண்பேற்ற முறை அதைப் பார்த்துக்கொள்கிறது.

-3 என்ற எண்ணையே பாருங்கள். மூன்று செல்கள் ஒரே பலத்தில் வந்து விழும் இடத்தில், ஒன்று உங்களுடையது, இரண்டு குறுக்கீடு. விகிதம் 1/2, அதாவது -3 டிபி. அங்கே ஷானன் எல்லை (கோட்பாட்டளவில் போகக்கூடிய உச்ச வேகம்) ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.585 பிட். இப்போது அந்த இரண்டு அண்டை செல்களையும் அந்த இடத்தில் மட்டும் 6 டிபி இறக்கிவிட்டால் குறுக்கீடு 0.25 + 0.25 = 0.5. சினர் +3. எல்லை 1.585 பிட். 2.7 மடங்கு.

அதே இடத்தில் இன்னொரு 20 மெகாஹெர்ட்ஸை, அதே ஆன்டெனா, அதே சாய்வில் போட்டால் கிடைப்பது 2 மடங்கு. நீங்கள் சொல்லும் 10 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 1.5 மடங்கு. அலைக்கற்றை விலைமதிப்புள்ள பொருள். பாதி வீணாகும் இடத்தில் அதைக் கொட்டுவது மனசு ஒப்பவில்லை.

எல்லா டவரிலும் பவரை 3 டிபி ஏற்றலாமே என்று யாராவது சொன்னால் செய்ய வேண்டாம். மேலேயும் 3 டிபி, கீழேயும் 3 டிபி. விகிதம் அப்படியே இருக்கும்.

#3 டில்ட்மீட்டர்

அலைநீளம் சொன்ன அந்த 6 டிபியை எங்க எடுக்கிறதுன்னா, பெரும்பாலும் டில்ட்லதான் (ஆன்டெனா பீமைக் கீழ்நோக்கிச் சாய்க்கிற கோணம்). உங்க 1800 ஆன்டெனாவோட வெர்டிகல் பீம் 7 டிகிரி இருக்கும்னு வைச்சுக்குவோம் (டேட்டா ஷீட்ல பாருங்க).

மொத்த டில்ட் 2 டிகிரின்னா, 30 மீட்டர் உயரத்துல இருந்து பீமோட நடு தரையைத் தொடுற தூரம் 30 ÷ டேன் 2° = 859 மீட்டர். அடுத்த டவரே 700 மீட்டர்ல இருக்கு! அந்த டவரோட காலடியையும் தாண்டி உங்க பீம் நடு விழுது. இது ஓவர்ஷூட்.

டில்ட் 7 டிகிரி வைச்சா பீம் நடு 244 மீட்டர்ல விழும். பீமோட மேல் 3 டிபி விளிம்பு 3.5 டிகிரி, அது தரையைத் தொடுறது 490 மீட்டர்ல. 700 மீட்டர் இடைவெளியில செக்டார் நேர்முகமா போக வேண்டிய தூரம் மூணுல ரெண்டு பங்கு, 467 மீட்டர். கச்சிதமா பொருந்துது பாருங்க.

ஆனா ஒரே அடியா 2ல இருந்து 7க்கு போயிடாதீங்க. பார்க்க வேண்டியது:

எலக்ட்ரிகல் டில்ட்டை (ஆன்டெனாவை அசைக்காம பீமை மட்டும் இறக்கறது) முதல்ல பயன்படுத்துங்க. மெக்கானிகல் டில்ட் (ஆன்டெனாவையே சாய்க்கறது) முன்பக்கத்தை மட்டும்தான் இறக்கும், பக்கவாட்டுல இறங்காது, பின்பக்கம் மேலே ஏறும். மெக்கானிகல் அதிகமானா பீம் வடிவம் நடுவுல அமுங்கி ரெண்டு பக்கமும் வீங்கும். அப்ப பக்கத்து செக்டாருக்குள்ள புதுசா குறுக்கீடு போகும்.

ரிமோட் டில்ட் மோட்டார் திரையில "6.0" காட்டுதுன்னு நம்பிடாதீங்க. கேபிள் மாத்தி மாட்டியிருந்தா 1வது செக்டாருக்குக் கொடுத்த கட்டளை 2வது செக்டாரோட மோட்டாரை ஓட்டும். ஆன்டெனா அடியில இருக்கிற அளவுகோல் குச்சியைக் கண்ணால பார்த்து உறுதி பண்ணணும்.

ஃபீடர் (ஆன்டெனாவுக்குப் போற கேபிள்) இடம் மாறியிருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு செக்டார் முன்னாடியும் 100, 150 மீட்டர்ல நின்னு எந்த பிசிஐ (செல்லோட அடையாள எண்) வருதுன்னு பார்த்தா போதும். ரெண்டு செக்டார் ஃபீடர் மாறியிருந்தா அண்டை செல் பட்டியல், பிசிஐ திட்டம் எல்லாமே தப்பான திசைக்கு எழுதினதா ஆயிடும். அப்புறம் டில்ட் பண்ணி எந்தப் பயனும் இல்ல.

எந்த செல் ஓவர்ஷூட் ஆகுதுன்னு கண்டுபிடிக்க டைமிங் அட்வான்ஸ் (போன் டவர்ல இருந்து எவ்வளவு தூரம்னு காட்டுற அளவு) புள்ளிவிவரம் எடுங்க. எல்டிஇல ஒரு படி 78 மீட்டர். 13வது படிக்கு மேல, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மேல, கணிசமா சாம்பிள் இருக்கிற செக்டார்தான் முதல் சந்தேகம்.

#4 புதுஅலை

நன்றி சார். டைமிங் அட்வான்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கேன். ஒரு அடிப்படைக் கேள்வி: ஜிஎஸ்எம் (2ஜி) மாதிரி அலைக்கற்றையை மூணாப் பிரிச்சு, பக்கத்துப் பக்கத்து செக்டாருக்கு வேற வேற துண்டு கொடுத்தா இந்தப் பிரச்சினையே வராதே? ஏன் எல்டிஇல எல்லா செல்லும் ஒரே 20 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துது?

#5 அலைநீளம்

நல்ல கேள்வி. இதை எண்களோடு பார்த்தால்தான் தெளிவாகும்.

பழைய முறையில் ஒரு கொத்தில் எத்தனை செல் என்பதை வைத்து, அதே அலைவரிசை மீண்டும் வரும் தூரம் முடிவாகும்: செல் ஆரத்தைப் போல வர்க்கமூலம்(3 × கொத்து எண்) மடங்கு. 7 செல் கொத்தில் 4.58 மடங்கு. சுற்றி 6 குறுக்கீட்டு செல்கள், தூரத்தின் நான்காம் அடுக்கில் சிக்னல் குறைகிறது என்று வைத்தால், சிக்னல்–குறுக்கீடு விகிதம் (3 × 7)² ÷ 6 = 73.5, அதாவது 18.7 டிபி. முதல் தலைமுறை அனலாக் பேச்சுக்குச் சுமார் 18 டிபி தேவைப்பட்டதால் 7 பொருந்தியது. ஜிஎஸ்எம்முக்கு 9 டிபி போதும்; அதனால் கொத்து எண்ணைக் குறைக்க முடிந்தது.

பேச்சுக்கு ஒரு தேவை உண்டு: வாசலைத் தாண்டினால் போதும், அதற்கு மேல் எவ்வளவு சினர் இருந்தாலும் கூடுதல் பயன் இல்லை. தரவுக்கு அப்படி இல்லை. இங்கே சினர், அகலம் இரண்டுமே வேகத்தைத் தரும். ஆனால் அகலம் நேர்விகிதத்தில் வேகத்தைக் கூட்டும். சினர் மடக்கைக்குள்ளே போய்விடும்.

20 மெகாஹெர்ட்ஸில் 100 ரிசோர்ஸ் பிளாக் (ஆட்களுக்குப் பங்கிடும் துண்டு), ஒவ்வொன்றும் 180 கிலோஹெர்ட்ஸ், உண்மையில் கிடைப்பது 18 மெகாஹெர்ட்ஸ். டவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 20 டிபி என்றால் ஷானன் எல்லை 6.66 × 18 = 120 எம்பிபிஎஸ். மூன்றாகப் பிரித்தால் சினர் 25 டிபியாகக் கூடுகிறது என்று வைப்போம்: 8.31 × 6 = 50 எம்பிபிஎஸ். பாதிக்கும் கீழே. அதுவும் 64-குவாம் (சிம்பல் என்ற ஒரு நேரத் துண்டில் 6 பிட் ஏற்றும் பண்பேற்றம்) வரைதான் போகும் கருவியில் ஒரு லேயருக்கு 6 பிட்டுக்கு மேல் ஏறவே முடியாது. கூடின சினர் வீண்.

எல்லையில் இருப்பவருக்கு நிலைமை மாறும். அதனால்தான் இரண்டையும் கலக்கும் பகுதி மறுபயன்பாடு வந்தது. 100 பிளாக்கில் 40ஐ எல்லா செல்லும் நடுப்பகுதிக்கு, குறைந்த பவரில் பயன்படுத்தும். மீதி 60ஐ மூன்றாகப் பிரித்து 20, 20, 20 என்று எல்லைப் பகுதிக்கு.

இப்போது உங்கள் -3 டிபி ஆளை எடுங்கள். பிரிக்காமல் 100 பிளாக்கும் அவருக்கே கொடுத்தால் 0.585 × 18 = 10.5 எம்பிபிஎஸ். பிரித்து, 20 பிளாக்கில் 8 டிபி கிடைத்தால் 2.87 × 3.6 = 10.3. சரிக்குச் சரி. அவருடைய வேகம் கூடவில்லை. ஆனால் அந்த வேகத்தை அவர் ஐந்தில் ஒரு பங்கு பிளாக்கிலேயே பெறுகிறார், அதே நேரத்தில் நடுப்பகுதி ஆட்களுக்கு 40 பிளாக் ஓடிக்கொண்டிருக்கிறது. லாபம் அங்கே இருக்கிறது. செல் நிரம்பி வழியும்போதுதான் இது தெரியும்; ஆள் குறைவான நேரத்தில் அந்தப் பிரிவினை நஷ்டம்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பிடிசிசிஎச் என்ற கட்டுப்பாட்டுச் சேனல் முழு அகலத்திலும் பரவிக் கிடக்கிறது. தரவுப் பிளாக்கைப் பிரித்தாலும் அதற்குப் பாதுகாப்புக் கிடையாது. எல்லை ஆளால் கட்டளையையே படிக்க முடியாவிட்டால், சுத்தமான 20 பிளாக் இருந்தும் பயனில்லை. அதனால்தான் டில்ட்மீட்டர் சொன்ன வேலை முதலில்.

#6 பேக்கெட்கணக்கு

நடுவுல ஒரு மாற்றுக் கருத்து. எல்லாரும் குறுக்கீடுன்னு முடிவே பண்ணிட்டீங்க. லோடு பார்த்தாச்சா?

-3 டிபில ஷானன் எல்லை 10.5. சிஆர்எஸ் (செல் எப்பவும் அனுப்புற அளவீட்டு சிக்னல்), கட்டுப்பாட்டுச் சேனல் எல்லாம் கழிச்சு, கருவியோட குறையும் சேர்த்தா கைக்கு 6, 7 எம்பிபிஎஸ் வரலாம். வருவது 3, 4. அப்படின்னா பாதியை யாரோ பங்கு போடுறாங்க. பிளாக் பயன்பாட்டு சதவீதத்தை மணிக்கணக்கா எடுங்க. உச்ச நேரத்துல 80, 90 சதவீதம் போனா அது நெரிசல். அப்ப கேரியர் கேட்கிறதுல நியாயம் இருக்கு. 40 சதவீதத்துலயே எல்லை வேகம் இப்படின்னா அது குறுக்கீடு.

ஷெட்யூலர் (பிளாக்கை ஆளுக்கு ஆள் ஒதுக்குற பகுதி) எப்படிப் பங்கு போடுதுன்னும் தெரிஞ்சுக்கணும். புரொபோர்ஷனல் ஃபேர்ங்கிற முறையில ஒவ்வொரு ஆளுக்கும் இந்த மில்லிசெகண்ட்ல கிடைக்கக்கூடிய வேகத்தை, இதுவரை கிடைச்ச சராசரியால வகுக்கும். டவருக்குப் பக்கத்துல இருக்கிற ஆளுக்கு இப்ப 30, சராசரி 15ன்னா மதிப்பு 2. எல்லை ஆளுக்கு இப்ப 4, சராசரி 1ன்னா மதிப்பு 4. எல்லை ஆளுக்குத்தான் வாய்ப்பு. பார்க்க நியாயம்தான். ஆனா அவருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு பிளாக்கும் பக்கத்து ஆளுக்குக் கொடுத்திருந்தா ஏழெட்டு மடங்கு பிட் போயிருக்கும். எல்லை சினர் மோசமா இருந்தா தண்டனை அவருக்கு மட்டும் இல்ல, அந்த செல்லுல இருக்கிற எல்லாருக்கும்.

கட்டுப்பாட்டுச் சேனல்லயும் இதே கதை. பக்கத்து ஆளுக்கு ஒரு சிசிஇ (அந்தச் சேனலோட ஒதுக்கீட்டுத் துண்டு) போதும், எல்லை ஆளுக்கு 8 தேவைப்படும். பிளாக் காலியா இருந்தும் சிசிஇ தீர்ந்து போற செல்கள் உண்டு. பிளாக் பயன்பாட்டை மட்டும் பார்த்து "இடம் இருக்கே"ன்னு முடிவு பண்ணாதீங்க, சிசிஇ ஒதுக்கீடு தோல்வி கவுன்ட்டரையும் பாருங்க.

ஹேண்டோவர் (போன் ஒரு செல்லை விட்டு இன்னொண்ணுக்கு மாறறது) அமைப்பும் ஒரு காரணமா இருக்கலாம். ஏ3 ஆஃப்செட் 3 டிபி, ஹிஸ்டெரிசிஸ் 1 டிபி வைச்சா, அண்டை செல் 4 டிபி பலமான பிறகுதான் போன் மாறும். அதுவரைக்கும் அந்த ஒரு அண்டை செல் மட்டுமே சினரை -4க்குத் தள்ளும். லாக்ல சினர் -3 இருக்கிற புள்ளிகள்ல, அண்டை செல் பலமா இருந்தும் போன் பழைய செல்லையே பிடிச்சு நிக்குதான்னு பாருங்க.

#7 புதுஅலை

பிளாக் பயன்பாடு உச்ச நேரத்துல 55 சதவீதம். சிசிஇ தோல்வி அதிகம் இல்ல. இன்னொண்ணு கவனிச்சேன்: அந்த நடு இடத்துல பலமா வர்ற மூணு செல்லோட பிசிஐ 41, 143, 260. மூணையும் 3ஆல வகுத்தா மீதி 2. பிசிஐ மாத்தினாலே சினர் ஏறும்னு ஒரு இடத்துல படிச்சேன். உண்மையா?

#8 டில்ட்மீட்டர்

மாத்துங்க, கண்டிப்பா மாத்துங்க. மூணும் ஒரே மீதின்னா பிஎஸ்எஸ் (போன் செல்லைத் தேடிப் பிடிக்கிற சிக்னல்) ஒண்ணு, சிஆர்எஸ் விழுற இடமும் ஒண்ணு. சினர் உடனே ஏறும்.

#9 பேக்கெட்கணக்கு

மாத்தணும்ங்கறதை ஒத்துக்கறேன். ஆனா "சினர் ஏறும்"ங்கறதுல ஒரு சிக்கல் இருக்கு, அதை விளக்கணும்.

எல்டிஇல பிசிஐ 504, 3 × 168. ரெண்டு ஆன்டெனா போர்ட் இருக்கிற செல்லுல சிஆர்எஸ் இருக்கிற ஒவ்வொரு சிம்பல்லயும் 12 சப்கேரியர்ல 4 இடம் அதுக்குப் போகும். ஒரு பிளாக், ஒரு மில்லிசெகண்ட், 168 இடத்துல 16, அதாவது 9.5 சதவீதம். இது ஆளே இல்லாட்டியும் போய்க்கிட்டே இருக்கும். பிசிஐயை 3ஆல வகுத்த மீதிதான் இது எந்த சப்கேரியர்ல விழும்னு தீர்மானிக்குது.

மீதி ஒண்ணா இருந்தா சிஆர்எஸ் மேல சிஆர்எஸ் மோதும். போன் சினரை அளக்கிறதே சிஆர்எஸ்லதான். பக்கத்து செல் காலியா இருந்தாலும் போன் "பயங்கரக் குறுக்கீடு"ன்னு சொல்லும், சிக்யூஐ (சேனல் தரம் பத்தி போன் சொல்ற அளவு) குறைச்சு அனுப்பும், தேவையில்லாம குறைஞ்ச வேகத்துல தரவு போகும்.

மீதி வேறயா இருந்தா, பக்கத்து செல்லோட சிஆர்எஸ் நம்ம தரவு மேல விழும். போன் அளக்கிற இடம் சுத்தமா இருக்கும், சிக்யூஐ அழகா வரும். ஆனா தரவு அடிபடும், முதல் அனுப்பல்ல பிழை கூடும். அப்புறம் ஷெட்யூலரோட வெளிவளையத் திருத்தம் எம்சிஎஸ்ஸை (தரவு அனுப்புற வேகப் படி) கீழே இறக்கிச் சரி பண்ணும்.

ஆக, லோடு குறைவா இருக்கும்போது லாக்ல சினர் 5, 6 டிபி ஏறின மாதிரி தெரியலாம். வேகம் அந்த அளவுக்கு ஏறாது. பக்கத்து செல்கள் நிரம்பி ஓடும்போது, மோதினாலும் மோதாட்டியும் குறுக்கீடு ஒண்ணுதான், ஏன்னா சிஆர்எஸ் மேல அவங்க தரவு விழும். பிசிஐ மாத்தி சினர் படம் பச்சையாயிடுச்சுன்னு வேலையை முடிச்சுடக் கூடாது. முன்னும் பின்னும் வேகத்தையும் பிழை விகிதத்தையும் ஒப்பிடுங்க.

மாத்தும்போது 30ஆல வகுத்த மீதியும் பாருங்க. அப்லிங்க் (போன்ல இருந்து டவருக்கு) ரெஃபரன்ஸ் சிக்னல் குழு அதைப் பொறுத்து அமையும். (5ஜி என்ஆர்ல பிசிஐ 1008, நிரந்தர சிஆர்எஸ் கிடையாது. காலி செல் பெரும்பாலும் அமைதியா இருக்கும். எனக்கு அந்த வடிவமைப்புல ரொம்பப் பிடிச்ச மாற்றம் அதுதான்.)

#10 டில்ட்மீட்டர்

சரி, ஏத்துக்கறேன். "வேகம் உடனே ஏறும்"னு அர்த்தம் வர்ற மாதிரி சொல்லியிருக்கக் கூடாது. ஆனா மூணு செல் ஒரே பிஎஸ்எஸ்ல இருந்தா செல் தேடலும் கெடும், அதனால மாத்துறது அவசியம்தான்.

#11 இரைச்சல்தரை

யாரும் அப்லிங்க் பத்திப் பேசல. 900 கேரியர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

ஒரு பிளாக்குக்கு வெப்ப இரைச்சல் -121.4 டிபிஎம். டவர் ரிசீவர் நாய்ஸ் ஃபிகர் 3 டிபின்னா -118. ஆளில்லாத நள்ளிரவுல அப்லிங்க் குறுக்கீட்டு கவுன்ட்டர் -118, -116ன்னு நின்னா ஆரோக்கியம். -105ல நின்னா 13 டிபி போச்சு. போன் கத்தினாலும் டவருக்குக் கேட்காது.

முதல் காரணம் சொந்தப் போன்களே. பவர் கட்டுப்பாட்டுச் சூத்திரத்துல பி-ஜீரோ (டவர்ல கேட்க வேண்டிய அடிப்படை அளவு), ஆல்ஃபா (வழியில குறையற சிக்னல்ல எவ்வளவு பங்கை போன் ஈடு கட்டணும்ங்கறது)ன்னு ரெண்டு எண். ஆல்ஃபா 1, பி-ஜீரோ -106ன்னா எல்லாப் போனும் டவர்ல -106லயே கேட்கணும். பாத் லாஸ் (வழியில குறையற சிக்னல்) 120 டிபி இருக்கிற எல்லைப் போன் ஒரு பிளாக்குக்கு 14 டிபிஎம் விடணும். மொத்தம் 23 டிபிஎம்தான் இருக்கு, ஆக 8 பிளாக்கோட தீர்ந்துடும். ஆல்ஃபா 0.8, பி-ஜீரோ -90ன்னா அதே போன் 6 டிபிஎம் விடும். பக்கத்து டவருக்கு ஒவ்வொரு பிளாக்லயும் போற குறுக்கீடு 8 டிபி குறையும், பவர் 50 பிளாக் வரை தாங்கும். டவர்ல -114ல கேட்கும், அது போதும். இரைச்சல் தரை சுத்தமா இருந்தா மட்டும்!

ரெண்டாவது பிம், அதாவது பாஸிவ் இன்டர்மாடுலேஷன் (கோளாறான இணைப்புல கேரியர்கள் கலந்து புது அலைவரிசை உண்டாகறது). 900 பேண்ட் இதுக்குப் பேர் போனது. டவுன்லிங்க் (டவர்ல இருந்து போனுக்கு) 925–960, அப்லிங்க் 880–915. 930லயும் 958லயும் ரெண்டு கேரியர் ஒரே ஆன்டெனா வழியா போனா 2 × 930 − 958 = 902. நேரா அப்லிங்க் நடுவுல விழுது. உங்க கேரியர் ஒண்ணுதான்னாலும், அதே கூரையில வேற 900 கேரியர் இருந்து பக்கத்துல துருப்பிடிச்ச தகடோ, தளர்ந்த கிளாம்ப்போ இருந்தா அங்கேயே கலந்து உருவாகும்.

கண்டுபிடிக்க: அந்த செல்லுல டவுன்லிங்க் போலி லோடை 100 சதவீதம் ஏத்துங்க, அப்லிங்க் குறுக்கீட்டைப் பாருங்க. கூடவே ஏறினா பிம். லோடை நிறுத்தினதும் இறங்கணும். லோடு எப்படி மாறினாலும் குறுக்கீடு அசையாம நின்னா அது வெளியிலிருந்து வர்றது. பெரும்பாலும் யாரோ மாட்டின உரிமம் இல்லாத பூஸ்டர், அது தன் சொந்த வெளியீட்டையே கேட்டு ஊளையிட ஆரம்பிச்சிருக்கும். மூணு செக்டார் அளவையும் ஒப்பிட்டுத் திசை பிடிச்சு, திசை ஆன்டெனாவும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் எடுத்துட்டுப் போய்த்தான் தேடணும்.

பிம் சோதனைக் கருவி ரெண்டு 43 டிபிஎம் கேரியரை விட்டு அளக்கும். -150 டிபிசின்னா (கேரியரை விட 150 டிபி கீழே) -107 டிபிஎம். கருவி ஓடும்போதே ஒவ்வொரு கனெக்டரையும் லேசா தட்டுங்க. அளவு எங்க துள்ளுதோ அங்கதான் கோளாறு. 7/16 டின் கனெக்டருக்கு 25–30 நியூட்டன் மீட்டர், 4.3-10க்கு 5 நியூட்டன் மீட்டர், டார்க் ஸ்பேனர் வைச்சு மட்டும். கை அழுத்தத்தை நம்பிப் பூட்டினா ஒண்ணு தளரும், இல்ல உள்ளே இருக்கிற தொடுமுகம் நசுங்கும். கேபிள் அறுத்தப்போ விழுந்த உலோகத் துகள் ஒண்ணே ஒண்ணு உள்ளே இருந்தாலும் முழு வேலையும் கெட்டுடும். ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால துடைச்சுட்டுத்தான் பூட்டணும்.

#12 அலைநீளம்

900 பற்றி இன்னொன்று, இதுதான் புதுஅலையின் முதல் கேள்விக்கு நேரான பதில். 1800இல் பாதி அதிர்வெண் என்பதால் பாதை இழப்பு 6 டிபி குறைவு. உள்ளறைகளுக்கு அது வரம். ஆனால் 700 மீட்டர் இடைவெளியில் அது அண்டை செல்லுக்கும் 6 டிபி கூடுதலாகப் போய்ச் சேரும். அதைவிட முக்கியம்: அதே நீள ஆன்டெனாவில் 900இன் வெர்டிகல் பீம் இரு மடங்கு, சுமார் 14 டிகிரி. 7 டிகிரி டில்ட் வைத்தால் பீமின் மேல் 3 டிபி விளிம்பு 7 − 7 = 0, அடிவானத்தைப் பார்த்து நிற்கும். 1800இல் நீங்கள் டில்ட் செய்து வாங்கிய தனிமை 900இல் கிடைக்காது. எல்லையில் சினர் 1800ஐ விட மோசமாகவே இருக்கும்.

எனவே 900 போடுவதானால் எல்லா டவரிலும் போட வேண்டாம். ஒன்று விட்டு ஒன்றாக, உயரமும் இடமும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதை உள்ளறைப் போர்வையாக வையுங்கள், வேகத்துக்கான கேரியராக எண்ண வேண்டாம்.

#13 புதுஅலை

அப்போ 900க்குப் பதிலா 2300 டிடிடி (அனுப்பறதும் வாங்கறதும் ஒரே அலைவரிசையில மாறி மாறி)? பீம் குறுகல், இழப்பும் அதிகம். குறுக்கீடு குறையும்தானே? இல்ல நடுவுல ஒரு ஸ்மால் செல் (குறைஞ்ச பவர்ல ஓடுற சின்ன செல்) வைச்சுடலாமா?

#14 ஒத்திசைவு

டிடிடில செல்–செல் தனிமை நல்லா இருக்கும், ஆனா நேரம்ங்கிற புது எதிரி வருவான். அப்லிங்க்கும் டவுன்லிங்க்கும் ஒரே அலைவரிசை. எல்லா டவரும் பொது நேரத்துக்கு ±1.5 மைக்ரோசெகண்டுக்குள்ள நிக்கணும். ஒரு டவர் நகர்ந்தா, பக்கத்து டவர் கேட்டுக்கிட்டு இருக்கும்போது அது பேசும். ஒரு டவர் சுத்தி இருக்கிற எல்லாத்தையும் செவிடாக்கிடும்.

டவருக்கு நேரம் கொடுக்கிற ஜிபிஎஸ் போனதும் உடனே தெரியாது. உள் கடிகாரம் 1000 கோடியில ஒரு பங்கு பிசகினா மணிக்கு 0.36 மைக்ரோசெகண்ட் நகரும். நாலு மணி நேரத்துல 1.5ஐத் தொட்டுடும். காலையில அறுந்த ஜிபிஎஸ் கேபிளுக்கு மதியம்தான் புகார் வரும், அதுவும் பக்கத்து டவர்ல இருந்து. அதனால ஜிபிஎஸ் அலாரத்தைச் சின்ன அலாரமா வகைப்படுத்தாதீங்க. ஹோல்டோவர் (உள் கடிகாரத்துலயே தாக்குப் பிடிக்கிற) நேரம் முடியறதுக்கு முன்னாடி டிரான்ஸ்மிட்டர் தானா அணையற மாதிரி வைங்க. ஒரு டவர் போறது, பத்து டவர் கெடறதை விட மேல்.

இன்னொண்ணு கார்ட் பீரியட் (டவுன்லிங்க்ல இருந்து அப்லிங்க்குக்கு மாறும்போது விடற இடைவெளி). எல்டிஇ டிடிடில 10:2:2 (டவுன்லிங்க், இடைவெளி, அப்லிங்க் சிம்பல் எண்ணிக்கை) அமைப்புல ரெண்டு சிம்பல் இடைவெளி, 143 மைக்ரோசெகண்ட், வெளிச்ச வேகத்துல 43 கிலோமீட்டர். சாதாரண நாள்ல தாராளம். காத்து மண்டலத்துல டக்டிங் (காத்து அடுக்கு குழாய் மாதிரி அலையை ரொம்ப தூரம் கடத்தறது) உண்டாகிற நாள்ல 100, 200 கிலோமீட்டர் தாண்டி இருக்கிற டவரோட டவுன்லிங்க் உங்க அப்லிங்க்ல வந்து விழும். அடையாளம்: ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான செல்லுல ஏறும், கார்ட் பீரியட் முடிஞ்ச உடனே வர்ற அப்லிங்க் சிம்பல்கள்ல அதிகமா இருந்து போகப் போகக் குறையும். அப்ப 3:9:2க்கு மாத்தினா இடைவெளி 9 சிம்பல், 193 கிலோமீட்டர். டவுன்லிங்க் கொஞ்சம் இழப்பீங்க.

பக்கத்து அலைக்கற்றையில இன்னொரு ஆபரேட்டர் இருந்தா, அவங்களும் நீங்களும் ஒரே ஃபிரேம் அமைப்புல ஓடணும். இல்லாட்டி நடுவுல காலி இடம் விடணும். இதைக் கேரியர் ஏத்தறதுக்கு முன்னாடியே பேசி எழுதிக்கோங்க.

ஸ்மால் செல்: மேக்ரோ (பெரிய டவர்) பவர் 46 டிபிஎம், ஸ்மால் செல் 30ன்னா ஆளுங்க அதுக்கு அதிகம் வர மாட்டாங்க. பயாஸ் (ஸ்மால் செல்லுக்குச் சாதகமா கணக்குல கூட்டற டிபி) கொடுத்து இழுக்கணும், இழுத்தா அந்த ஓர ஆளுக்கு மேக்ரோதான் பெரிய குறுக்கீடு. அதுக்காக மேக்ரோ சில மில்லிசெகண்ட் தரவு அனுப்பாம வெறுமையா விடணும் (ஏபிஎஸ், அதாவது ஆல்மோஸ்ட் பிளாங்க் சப்ஃபிரேம், எஃப்டிடில 40 மில்லிசெகண்ட் சுழற்சி). அப்பவும் சிஆர்எஸ் போகும், அதனாலதான் "ஆல்மோஸ்ட்". 9 டிபி பயாஸ் வரை போக, சிஆர்எஸ் குறுக்கீட்டைக் கழிக்கத் தெரிஞ்ச போன் வேணும். உங்க 55 சதவீத லோடுக்கு இப்ப இது தேவையில்ல.

#15 புதுஅலை

டைமிங் அட்வான்ஸ் வந்துடுச்சு. பிசிஐ 260 செக்டார்ல நாலுல ஒரு பங்கு சாம்பிள் ஒரு கிலோமீட்டருக்கு மேல. அதோட மொத்த டில்ட் 2. 143க்கு 3. 41க்கு 6. அப்லிங்க் நள்ளிரவுல -117. எதை முதல்ல தொடறது?

#16 டில்ட்மீட்டர்

260தான். 2ல இருந்து 4. அன்னைக்கு வேற எதையும் தொடாதீங்க, பிசிஐயும் மாத்தாதீங்க; ரெண்டும் ஒண்ணா செஞ்சா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. ரெண்டு முழு வேலைநாள் கவுன்ட்டர் சேர்ந்ததும் 6. அதுக்கப்புறம் 143ஐ 5. கடைசியா பிசிஐ.

ஒவ்வொரு படியிலயும் கால் டிராப், 260 சேவை கொடுத்த கட்டிடங்களோட உள்ளே ஆர்எஸ்ஆர்பி, 260ஐச் சுத்தி இருக்கிற செல்களோட பிளாக் பயன்பாடு மூணையும் பாருங்க. தூரத்துல அது தாங்கிக்கிட்டு இருந்த ஆளுங்க இப்ப வேற செல்லுக்குப் போவாங்க. அந்த செல் 85 சதவீதம் தொட்டா 260ஓட பீமை ஒரு டிகிரி திரும்ப மேலே ஏத்துங்க.

#17 பேக்கெட்கணக்கு

செல்லோட சராசரி வேகத்தைப் பார்த்து வெற்றி சொல்லாதீங்க, அது பக்கத்து ஆளுங்களோட கணக்கு. கடைசி 5 சதவீத ஆளுங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு எடுங்க. டில்ட் இறக்கினதும் 260ஐ அண்டை செல்லா வைச்சிருக்கிற தூரத்து செல்கள் பட்டியலையும் சுத்தம் பண்ணுங்க. ஹேண்டோவர் முயற்சியே இல்லாத உறவுகளை ஒரு வாரம் பார்த்துட்டு நீக்கலாம். பிசிஐ மாத்தும்போது அந்த செல் ரீஸ்டார்ட் ஆகும், போக்குவரத்து குறைஞ்ச நேரத்துல செய்யுங்க. பழைய மதிப்புகளை மாத்தறதுக்கு முன்னாடியே எழுதி வைச்சுக்கோங்க.

#18 புதுஅலை

260ஐ 4க்கு மாத்தச் சொல்லியாச்சு, பழைய மதிப்பு எழுதி வைச்சாச்சு, மோட்டார் அளவுகோலையும் கண்ணால பார்க்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு நாள் கவுன்ட்டர் வந்ததும் இதே இழையில போடறேன். 900 கோரிக்கையை அதுவரைக்கும் நிறுத்தி வைச்சிருக்கோம்.